சனிக்கிழமைத் தள்ளுவண்டி

எங்கள் தள்ளுவண்டியின் இடது முன்சக்கரம் கிரீச்சிடும். இரண்டு முறை எண்ணெய் விட்டும் அடங்கவில்லை. சக்கரத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்தபோது தாதி ஒருவர் வேண்டாம் என்றார். சனிக்கிழமை பிற்பகல் அந்தச் சத்தம் நடைவழியில் கேட்டதும் சில பிள்ளைகள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். அதனால் அப்படியே விட்டுவிட்டோம்.

வண்டியில் மூன்று தட்டுகள். மேல் தட்டில் ஸ்டிக்கர் புத்தகம், வண்ணப் பென்சில், சின்னச் சின்ன டப்பாக்களில் விளையாட்டு மாவு, சோப்புக் குமிழி ஊதும் குப்பி. நடுத்தட்டில் லூடோ, பாம்பும் ஏணியும், ஊனோ சீட்டு, லெகோ. கீழே கதைப் புத்தகங்கள். அவற்றில் ஆறு தமிழ்ப் புத்தகங்கள் நான் கொண்டுபோய்ச் சேர்த்தவை.

நான்கு ஆண்டுகளாக ஓர் அறநிறுவனத்தின் தொண்டூழியராகச் சிறார் பிரிவுக்குப் போய் வருகிறேன். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான பெரிய பிரிவுகள் உள்ள பொது மருத்துவமனைகள் இரண்டு: கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும். நான் போவது இரண்டில் ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் பிள்ளைகளையும் யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். வார்டில் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அதை மதிக்கிறேன்.

வார நாட்களில் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 53. ஈசூனில் அம்மாவோடு இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினால், இரண்டு மணிக்கு மற்ற மூவரோடு சேர்ந்து கை கழுவிக்கொண்டிருப்பேன். நாலரை வரை வார்டில் இருப்போம்.

இதற்குள் நான் வந்தது ஒரு மொட்டையால். குழந்தைகள் புற்றுநோய் அறநிறுவனம் 2003இலிருந்து ‘ஹேர் ஃபார் ஹோப்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. சிகிச்சையில் முடி உதிர்ந்த பிள்ளைகளுக்குத் துணையாக மற்றவர்கள் மொட்டையடித்துக்கொள்வார்கள், அதற்காக நன்கொடை திரட்டுவார்கள். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி இடுப்பளவு கூந்தலை அப்படிக் கொடுத்துவிட்டு வந்தாள். நம் வீடுகளில் மொட்டை என்றால் பழனி, திருப்பதி, இல்லையென்றால் துக்கம். பெண் பிள்ளை மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்து கோப்பி கலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. ஐம்பது வெள்ளி கொடுத்தேன். கொடுத்த பிறகும் மனது சும்மா இருக்கவில்லை.

காரணம் பழையது. 1979இல் எனக்கு ஏழு வயது. தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் அம்மா போயாக வேண்டும். அன்று இரவு, சொட்டு மருந்து ஏற்ற நாலு பேர் வந்தார்கள். ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் தோளை அழுத்தினார். ‘முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் முடியவில்லை. ஊசி வலித்தது இப்போது நினைவில்லை. முடியாததை முடிந்துவிட்டது என்று சொன்னது நினைவிருக்கிறது. யாரும் என்னிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவே இல்லை.

அந்தத் தாதிகளை இன்று நான் குறை சொல்லவில்லை. காலம் அப்படி. ஆனால் அந்தப் பிள்ளையை நான் மறக்கவும் இல்லை.

பயிற்சிக்குப் போன முதல் சனிக்கிழமை, எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு சீன அம்மா பாடம் எடுத்தார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லாரும் அவரை ‘லாவ்ஷி’ என்றுதான் கூப்பிடுவோம், சீனத்தில் ஆசிரியர் என்று அர்த்தம். 1959இல் பிரிட்டனில் பிளாட் குழு என்று ஒன்று ஓர் அறிக்கை கொடுத்ததாம். பெற்றோர் பிள்ளையை எந்நேரமும் பார்க்க விடவேண்டும், தாய் கூடத் தங்க வசதி வேண்டும், படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் விளையாட்டும் படிப்பும் வேண்டும் என்று அது சொன்னது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் ஊசிக்கு இருபது ஆண்டு முன்பே ஒரு நாட்டில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் 1995இல் இணைந்த ஐநா பிள்ளைகள் உரிமை உடன்படிக்கையும் 31ஆம் பிரிவில் விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது ஏதோ நாம் பார்த்துச் செய்யும் தயவு போல இருக்கிறது. உரிமை என்ற சொல் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அம்மாவோ அப்பாவோ பிள்ளையின் கட்டில் பக்கத்திலேயே இரவில் படுத்துக்கொள்கிறார்கள். ஊசி போடும் இடத்தில் மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். பொம்மையின் கையில் குழாயைச் செருகிக் காட்டி, ‘நாளைக்கு உனக்கும் இப்படித்தான்’ என்று முன்கூட்டியே விளக்குவதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். ஊசியின்போது குமிழி ஊதச் சொல்வார்கள். குமிழி பெரிதாக வரவேண்டுமென்றால் மூச்சை மெதுவாக விடவேண்டும், மெதுவாக விட்டால் உடம்பு தளரும். ஒரு தடவை அந்தக் குப்பியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. ஆறு வயதுப் பெண், கண்ணை முழுக்கக் குமிழியிலேயே வைத்திருந்தாள். முடிந்ததும், முடிந்துவிட்டது என்று தாதி சொன்னார். உண்மையிலேயே முடிந்திருந்தது. நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

விதிகள் நிறைய உண்டு. இருமல் இருந்தால் வரக்கூடாது. தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று முதலிலேயே பார்ப்பார்கள். என்ன நோய் என்று கேட்கக்கூடாது. தின்பதற்கு எதுவும் கொடுக்கக்கூடாது. படம் பிடிக்கவே கூடாது. ஒரு பிள்ளை தொட்ட லெகோவைத் துடைக்காமல் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. விளையாட்டு மாவைத் துடைக்க முடியாது, அதனால் டப்பாவைத் திறந்த பிள்ளைக்கே அது சொந்தம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குச் சாதாரணச் சளி கூட ஆபத்தாகிவிடும் என்பதை ஒரு தடவை கேட்டுவிட்டால் இந்த விதிகள் எதுவும் பாரமாகத் தெரியாது.

ஆனால் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது. அதை நான் தப்புச் செய்துதான் கற்றேன்.

சேர்ந்து இரண்டாவது மாதம். பத்து வயதிருக்கும் பெண் ஒருத்தி. வண்ணம் தீட்டலாமா என்று கேட்டேன், தலையாட்டி மறுத்தாள். நான் விடவில்லை. ‘கொஞ்சம் மட்டும், ஆன்ட்டிக்காக ஒரு பூ’ என்றேன். வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நாம் சொல்கிற அதே குரல். அவள் பென்சிலை வாங்கினாள். இரண்டு இதழ் வரைந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை, வரைவதை நிறுத்தவும் இல்லை. சொன்னதைச் செய்யும் பழக்கம் அவளுக்கு அந்த வார்டில் அவ்வளவு ஏறியிருந்தது.

அன்று மாலை கோப்பிக்கடையில் லாவ்ஷி என்னிடம் பேசினார். கோபமே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் காய்ச்சல் பார்ப்பார்கள், அதற்கு அவள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாத்திரைக்கு, ரத்தம் எடுப்பதற்கு, திரையை யாரோ விலக்குவதற்கு? சிறுநீரைக்கூட அளந்து எழுதுகிறார்கள். எல்லாம் அவள் நன்மைக்குத்தான், ஆனால் எதையும் அவள் மறுக்க முடியாது. அவள் மறுக்கக்கூடிய ஒன்று சனிக்கிழமை வரும் இந்த வண்டி. அதையும் நீ எடுத்துக்கொண்டாய் என்றார்.

என் 1979 எனக்கே மறந்துபோயிருந்தது என்பதுதான் அன்று என்னை மிகவும் வருத்தியது. அடுத்த வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அவள் கட்டிலில் வேறு பிள்ளை.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் இதுதான்: ஒரு தடவை கேட்போம். வேண்டாம் என்றால், ‘சரி, சொன்னதுக்கு நன்றி’ என்று நகர்வோம். இரண்டாம் தடவை கேட்பதில்லை. முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டுவதில்லை. வாய்க்கு முகக்கவசம் இருந்தாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளைகள் கண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

எட்டு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். பாட்டிதான் பகலில் கூட இருப்பார், அப்பா அம்மா இருவருக்கும் வேலை. பாட்டி வளர்த்த பிள்ளை என்பதால் தமிழ் நன்றாக வரும். முதல் வாரம் கேட்டேன். ‘வேணாம்.’ சரி, நன்றி. இரண்டாம் வாரம், வேணாம். மூன்றாம் வாரம், நான்காம் வாரம், வேணாம். ஐந்தாம் வாரம் வண்டியோடு அறை வாசலுக்குப் போனபோது பாட்டி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

‘காலையிலேர்ந்து வண்டி எப்ப வரும், வண்டி எப்ப வரும்னு உசிர எடுக்கிறான்மா. வந்ததும் வேணாம்னு சொல்லணுமாம்.’

அன்றுதான் எனக்கு லாவ்ஷி சொன்னது முழுதாக விளங்கியது. அவனுக்கு வண்டியில் இருப்பது எதுவும் தேவைப்படவில்லை, மறுப்பதுதான் அவன் விளையாட்டு. சரி, அதை நன்றாகவே விளையாடுவோம் என்று முடிவு செய்தேன். பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளாகக் கேட்க ஆரம்பித்தேன்.

‘லூடோ?’

‘வேணாம்.’

‘ஊனோ?’

‘வேணாம்.’

‘டைனோசர் ஸ்டிக்கர்?’

கொஞ்சம் யோசித்தான். ‘வேணாம்!’

முதல் நாள் 31 பொருள், 31 வேணாம். அடுத்த வாரம் அவன் தயாராகவே இருந்தான். மலாய்த் தாதி ஒருவரிடமிருந்து ‘தக் மாவ்’ கற்றிருந்தான். எதிர்க் கட்டில் சீனப் பையன் ‘பூ யாவ்’ சொல்லிக்கொடுத்திருந்தான். லூடோவுக்குத் தமிழ், ஊனோவுக்கு மலாய், லெகோவுக்குச் சீனம். தலையை ஆட்டி ஒன்று, சுட்டுவிரலை ஆட்டி ஒன்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்று. மருந்தால் அவன் முகம் உப்பியிருந்தது. சிரித்தால் கண் ஒரு கோடாகிவிடும். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு முகத்தை இப்படி ஆக்கும், பசியையும் தூண்டிவிடும். நடு இரவில் உறைப்பாக ஏதாவது வேண்டும் என்று அழும் பிள்ளைகளை அம்மாமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவனுடைய நோய் என்ன என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எங்களுக்குள் அந்தப் பேச்சே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. திரை பாதி மூடியிருந்தது. பாட்டி நெற்றியில் திருநீறு இட்டிருந்தார், வியர்வையில் அது கரைந்திருந்தது. தாதியிடம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் போனேன். ‘இன்னிக்கு உனக்குப் பதிலா நானே சொல்லட்டுமா?’ என்றேன். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மெதுவான குரலில் நானே கேட்டு நானே மறுத்தேன். லூடோ, வேணாம். ஊனோ, தக் மாவ். பத்தாவது பொருளுக்குள் தூங்கிவிட்டான். மீதி 21 பொருளையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட மனம் வரவில்லை.

பிறகு தேறினான். ஜூன் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை அவன் கட்டிலில் விரிப்பு புதிதாக மடிக்கப்பட்டிருந்தது. எங்களுக்குக் கேட்க உரிமையில்லை. தாதி என்னைப் பார்த்துச் சிரித்த விதத்தில் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

எல்லாக் காலிக் கட்டிலும் அப்படி இல்லை. வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் அம்மா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத எண் அது. மீதி இருப்பவர்களுக்கும் முகம் இருக்கிறது. தாதி சிரிக்காத சனிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேரும் கோப்பிக்கடையில் அதிக நேரம் உட்கார்ந்திருப்போம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பெற்றோரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களுக்கும் அந்த இரண்டரை மணி நேரம்தான். பிள்ளை எங்களோடு இருக்கும்போது குளிக்கப் போவார்கள், கீழே போய் ஒரு தே வாங்கிக் குடித்துவிட்டு வருவார்கள், சிலர் அந்த நாற்காலியிலேயே அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், கணவருக்கு இங்கே வேலை. ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் தமிழில் பேசியதும் பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முருங்கைக்கீரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தேக்கா சந்தையில் எந்தப் பக்கம், கட்டு என்ன விலை, ஊர்க்கீரை மாதிரி இருக்குமா என்று அரைமணி நேரம் கீரையைப் பற்றியே பேசினோம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று வாரமாகத் தான் பேசியதெல்லாம் மருந்தின் பெயர்கள்தான் என்று கடைசியில் சொன்னார்.

உடன்பிறந்தவர்களை யாரும் கவனிப்பதில்லை என்பதும் என் குறை. தம்பி தங்கை நோயில் படுத்திருக்கும்போது வார்டு வாசலில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கநிலை ஆறு, அந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வேறு. ‘உன் பெயர் என்னம்மா?’ என்று கேட்டால் சிலர் தம்பியின் பெயரைச் சொல்கிறார்கள். நாள் முழுக்க எல்லாரும் அவனைப் பற்றித்தானே கேட்கிறார்கள். இப்போது வண்டியில் அவர்களுக்கென்றும் சில பொருள்கள் வைக்கிறோம்.

உதவ நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பரில் வார்டு நிரம்பி வழியும். நிறுவனங்கள் பரிசுப் பையோடும் பதாகையோடும் வருவார்கள். நல்ல மனதுதான், சந்தேகமில்லை. பிப்ரவரியில் யாரும் இல்லை. முடிந்தால் பிப்ரவரியில் வாருங்கள், மார்ச்சிலும் வாருங்கள். ஒரு தடவை வந்து போகும் இருபது பேரைவிட மாதம் இரண்டு தடவை தவறாமல் வரும் ஒருவர் பிள்ளைக்குப் பெரிய துணை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிடச் சொல்லாமலே இருப்பது நல்லது. பழைய பஞ்சுப் பொம்மைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வராதீர்கள். துடைத்துச் சுத்தம் செய்ய முடியாததால் அவற்றைத் திருப்பி அனுப்பும்போது எங்களுக்குத்தான் சங்கடம். பிரிக்காத வண்ணப் பென்சில் பெட்டி, புதிய ஸ்டிக்கர் புத்தகம், அவசரத்தில் கிளம்பி வந்த அம்மாக்களுக்குக் கைப்பேசி மின்னூட்டும் கம்பி, இவை போதும்.

எங்கே சேர்வது என்று தெரியாதவர்கள் ‘கிவிங் டாட் எஸ்ஜி’ இணையத்தளத்தில் தேடலாம். புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் புற்றுநோய் அறநிறுவனம், நாள்பட்ட கடும் நோயுள்ள பிள்ளைகளுக்குக் கிளப் ரெயின்போ, இரண்டும் 1992இல் தொடங்கியவை. தமிழ் பேசும் தொண்டூழியர் எங்கள் குழுவில் நான் ஒருத்திதான். இன்னும் இரண்டு பேர் இருந்தால் எத்தனை பாட்டிகளோடு பேசலாம்.

அம்மா அடிக்கடி சொல்லும் ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். நானும் கண்டாங் கெர்பாவில் பிறந்தவள்தான். எருமைக் கொட்டில் என்று அர்த்தம், கேகேயின் பழைய பெயர். 1966இல் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 40,000 பிள்ளைகள் அங்கே பிறந்தன. நான் பிறந்தபோதும் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்கும் கூட்டம் என்பார் அம்மா. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டாராம், அம்மா கொஞ்சம் கண்ணயரட்டும் என்று. பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லையே என்று அம்மா இன்றும் வருத்தப்படுகிறார். தொண்டூழியம் என்ற சொல்லெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்.

நாளை சனிக்கிழமை. இப்போது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு மருந்து அவள் விரல் நுனிகளின் வலுவைக் குறைத்துவிட்டது, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை, கத்தரிக்கோல் நழுவுகிறது. மாவு பிசைவது விரலுக்கு நல்லது என்று அவளுடைய சிகிச்சையாளர் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவள் பிசைந்து செய்த தோசை என் வண்டியின் மேல் தட்டில் ஒரு மணி நேரம் ஊர்வலம் போனது. ஊதா நிற மாவு கேட்டிருக்கிறாள். இரண்டு கடையில் பார்த்துவிட்டேன், தீர்ந்துவிட்டதாம். காலையில் முஸ்தஃபா கடைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் மஞ்சளோ சிவப்போ பரவாயில்லையாம். பச்சை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.